கழிச்சிட்டு வகுக்கணுமா, வகுத்துட்டுக் கழிக்கணுமா?

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. எழுதலாம்னு உக்காந்தா தூக்கம்தான் வருது. ஆனா இதை எழுதாம விட்டா எனக்கே என் மேல மரியாதை இருக்காதுங்கறதால எழுதறேன். கணக்குப் பாடம் பத்தின பதிவு. பயந்து ஓடிடாதீங்க, ஏழாங்கிளாஸ் கணக்குதான். அதுக்கு மேல எனக்கும் வராதுங்கறது இந்தப் பதிவைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிடும்.

2025 நவம்பர். இங்க அகமதாபாத்ல தீபாவளிக்கு மூணு வாரம் லீவு விட்டுட்டு, ஸ்கூல் திறந்த கையோட டெஸ்ட் வைப்பாங்க. சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் சின்ன மேடம் கணக்கு நோட்டோட வந்து நின்னா. "அப்பா, திங்கக்கிழமை இன்டிஜர்ஸ் டெஸ்ட்." தங்கமணி அடுப்படியிலேர்ந்தே குரல் குடுத்தாங்க: "அப்பாதான் கணக்குல புலியாச்சே, கேட்டுக்கோ." அந்தக் குரல்ல இருந்த கிண்டல் எனக்கு அப்பப் புரியலை.

முழுக்கள்னு நாம தமிழ் மீடியத்துல படிச்சோமே, அதேதான். மிகை எண், குறை எண், நடுவுல பூஜ்ஜியம். நோட்டை வாங்கித் திருத்த ஆரம்பிச்சேன். நாலாவது கணக்குலயே புலி வழுக்கி விழுந்தது.

10 − 4 + 3

அவ 9னு எழுதியிருந்தா. நான் சிவப்புப் பேனாவால அடிச்சிட்டு 3னு எழுதினேன்.

"போட்மாஸ் படிச்சியா இல்லியா? பி, ஓ, டி, எம், ஏ, எஸ். ஏ முன்னாடி வருது, எஸ் பின்னாடி வருது. அப்ப முதல்ல கூட்டணும். நாலும் மூணும் ஏழு. பத்துல ஏழு போனா மூணு."

"இல்லப்பா, எதிர் வீட்டு மாசி 9தான்னு சொன்னாங்க."

எதிர் வீட்டு மாசி பத்தி ஒரு வரி. குஜராத்தி மீடியம் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. எங்க மணிநகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மில் காலத்துல வந்தவங்க, அவங்க பேரப் பிள்ளைங்கன்னு தலைமுறையா இருக்காங்க. மாசிகிட்ட கணக்குப் படிச்ச தமிழ்ப் பிள்ளைங்களே ஒரு கிளாஸ் தேறும். நாம போட்மாஸ்னு சொல்றதை குஜராத்தியில 'பாகுஸபா'ன்னு சொல்றாங்க. பாகாகார், குணாகார், ஸர்வாளோ, பாத்பாக்கி. வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். முதல் தடவை கேட்டப்ப பாகுபலியோட தம்பி பேரு போலன்னு நினைச்சேன்.

"மாசி சொல்ற பாகுஸபாலயும் ஸ முன்னாடி, பா பின்னாடிதானே வருது?" நான் விடலை.

"ஸவும் பாவும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்குன்னு மாசி சொன்னாங்க. எது இடது பக்கம் முன்னாடி வருதோ அதை முதல்ல செய்யணும். பத்து ரூபாயோட கடைக்குப் போறேன். நாலு ரூபாய் செலவு பண்றேன். வர்ற வழியில நீங்க மூணு ரூபாய் குடுக்கறீங்க. கையில எவ்வளவுப்பா?"

ஒன்பது. எப்படிப் பார்த்தாலும் ஒன்பது. நான் போட்ட கணக்குப்படி பார்த்தா, நான் அவளுக்குக் குடுத்த மூணு ரூபாயையும் சேர்த்து கடைக்காரன் புடுங்கிக்கிட்டான்னு அர்த்தம். முப்பது வருஷமா இப்படித் தப்பா நம்பிக்கிட்டு ஒருத்தன் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டியிருக்கான்! கணக்கை எல்லாம் அதுவே பார்த்துக்கிட்டதால வண்டி ஓடியிருக்கு.

உங்க வீட்டுலயும் ஏழாங்கிளாஸ் பிள்ளை இருக்கலாம்கறதால விளக்கமா சொல்லிடறேன். போட்மாஸ்ல ஆறு எழுத்து இருந்தாலும் படி நாலுதான். அடைப்புக்குறி முதல் படி. அடுக்கு ரெண்டாவது. வகுத்தலும் பெருக்கலும் சேர்ந்து மூணாவது. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து நாலாவது. ஒரே படியில இருக்கறதை இடமிருந்து வலமா செய்யணும். 24 ÷ 4 × 2ன்னா 6 × 2, அதாவது 12. பெருக்கலை முதல்ல செஞ்சு 24 ÷ 8 = 3னு எழுதினா மார்க் போச்சு. முழுக்கள் படிச்சவங்களுக்குக் கழித்தல் குழப்பமே வராது. 10 − 4 + 3ங்கறது 10 + (−4) + 3. மைனஸ் நாலோட மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு, மூணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

சிவப்புப் பேனாவால அடிச்சதை வெள்ளை மை வச்சு அழிச்சுக் குடுத்தேன். "ஸாரி"ன்னும் சொன்னேன். அடுப்படியில ஒரு சிரிப்புச் சத்தம்.

அடுத்து அவளுக்கு வந்த சந்தேகம், கூட்டலுக்கு முன்னாடி ஏன் பெருக்கணும், யாரு வச்ச சட்டம் அதுன்னு. நியாயமான கேள்வி. ஒரு வகையில இது நாம எல்லாரும் ஒத்துக்கிட்ட எழுத்துப் பழக்கம்தான். ஆனா அந்தப் பழக்கம் நம்ம கடைக் கணக்கோட ஒத்துப் போகுது. ரெண்டு பால் பாக்கெட் முப்பது ரூபாய் விலையில, மூணு தயிர் பாக்கெட் இருபது ரூபாய் விலையில. 2 × 30 + 3 × 20. பால் கணக்கு 60, தயிர் கணக்கு 60, மொத்தம் 120. கூட்டலை முதல்ல செஞ்சா முப்பது ரூபாயையும் மூணு பாக்கெட்டையும் கூட்டணும். ரூபாயும் பாக்கெட்டும் எப்படிக் கூடும்?

மளிகைக்கடை கால்குலேட்டருக்கு இந்த விவரம் தெரியாது. தட்டத் தட்ட அப்படியே செஞ்சுக்கிட்டே போகும். 2 × 30 = 60, கூட்டல் 3 = 63, பெருக்கல் 20 = 1260. கடைக்கார காக்கா என்ன பண்றார்னு கவனிச்சுப் பாருங்க. ஒவ்வொரு பொருளையும் பெருக்கி 'எம் பிளஸ்' பட்டனை அமுக்குவார், கடைசியா 'எம்ஆர்' அமுக்கி மொத்தத்தை எடுப்பார். அவர் போட்மாஸ் படிச்சாரோ இல்லையோ, செய்யறது அதுதான். (குஜராத்தியில காக்கான்னா சித்தப்பா. காக்காய் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல முழிச்ச முழி தனிக்கதை.)

இதுக்கப்புறம் வகுத்தல். −12 ÷ 3 = −4, −12 ÷ −3 = 4ன்னு எல்லாம் சரியா போட்டிருந்தா. "மைனஸும் மைனஸும் பிளஸ், டீச்சர் சொன்னாங்க." சரி, ஏன்? தெரியலை. எனக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

பெருக்கலை வச்சு ஒரு வழி சொல்லலாம். வகுத்தல்னா பெருக்கலைத் திருப்பிப் போடறதுதான். மைனஸ் மூணை எதால பெருக்கினா மைனஸ் பன்னெண்டு வரும்? நாலால. அப்ப விடை நாலு. இது சரியான விளக்கம்தான், ஆனா பிள்ளைங்க முகத்துல வெளிச்சம் வராது.

இன்னொரு வழி பழைய வழி. ராஜஸ்தான்ல, குஜராத் எல்லைப் பக்கமா, ஜாலோர் மாவட்டத்துல பின்மால்னு ஒரு ஊர் இருக்கு. பழைய பேர் பில்லமாலா. அங்க பிரம்மகுப்தர்னு ஒருத்தர் 628ஆம் வருஷம், அவருக்கு முப்பது வயசு இருக்கறப்ப, பிரம்மஸ்புட சித்தாந்தம்னு ஒரு வானியல் நூல் எழுதினார். அதோட பதினெட்டாவது அத்தியாயத்துல குறை எண்களுக்கும் மிகை எண்களுக்கும் விதிகள் வச்சிருக்கார். அவர் மிகை எண்ணுக்குச் சொல்ற வார்த்தை தனம், அதாவது சொத்து. குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன். கடனைக் கடனால வகுத்தா தனம், கடனைத் தனத்தால வகுத்தா கடன்னு நம்ம ஏழாங்கிளாஸ் விதி அப்படியே அதுல இருக்கு. பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால வகுத்தா பூஜ்ஜியம்னு அவர் சொன்னதை மட்டும் இன்னைக்கு யாரும் ஏத்துக்கறதில்லை. பூஜ்ஜியத்தால வகுக்கவே கூடாதுன்னு விட்டுட்டோம். ஹிந்தியிலயும் குஜராத்தியிலயும் இன்னமும் மைனஸ் எண்ணுக்கு ருணம்கற வார்த்தைதான். நாம மைனஸ்னு சொல்லிட்டுப் போற இடத்துல மாசி கடன்னு சொல்றாங்க.

அதை வச்சே அவளுக்குச் சொன்னேன். "பன்னெண்டு ரூபாய் கடன். மூணு பேர் பங்கு போட்டுக்கறாங்க. ஆளுக்கு நாலு ரூபாய் கடன். அதான் −12 ÷ 3 = −4. இப்ப பன்னெண்டு ரூபாய் கடனை ஆளுக்கு மூணு ரூபாய் கடனா எடுத்துக்கிட்டா, எத்தனை பேர் வேணும்?"

"நாலு பேர்."

"நாலு பேரா, மைனஸ் நாலு பேரா?"

சிரிச்சா. "மைனஸ் நாலு பேர் எப்படிப்பா வருவாங்க!" வெளிச்சம் வந்துடுச்சு.

கொஞ்சம் தெம்பாகி ஆபீஸ் பெருமையையும் எடுத்து விட்டேன். ஏழு ரூபாய் கடனை ரெண்டு பேர் பில்லறை இல்லாம முழு ரூபாயா பங்கு போடணும்னு வச்சுக்கோங்க. −7 ÷ 2. சி மொழியில முழு எண் வகுத்தலா இதைக் கேட்டா ஆளுக்கு −3ன்னு சொல்லும், ஒரு ரூபாய் கடன் அடைபடாம மீதி நிக்கும். பைத்தான்ல அதே கணக்குக்கு −4ன்னு பதில் வரும், ஒரு ரூபாய் கையில மிஞ்சும். ரெண்டுமே தப்பு இல்லை. மீதியை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு அவங்கவங்க எடுத்துக்கிட்ட முடிவு. இது தெரியாம ஒரு மொழியிலேர்ந்து இன்னொரு மொழிக்கு மாத்தி எழுதிட்டு ரெண்டு நாள் தூங்காம தப்பு தேடியிருக்கேன். எக்செல் இன்னும் விசேஷம். =-3^2ன்னு அடிச்சா 9ன்னு காட்டும். பைத்தான்ல அதே கணக்கு −9. சந்தேகம் வந்தா அடைப்புக்குறி போட்டுடுன்னு அவகிட்ட சொன்னேன். 2019ல இணையமே ரெண்டாப் பிரிஞ்சு 8 ÷ 2(2+2)க்கு 16ஆ 1ஆன்னு அடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கும். எழுதினவர் இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தா அவ்வளவு சண்டையே இல்லை.

"அடைப்புக்குறி போட்டா விடை எவ்வளவு மாறும்? ஒரு உதாரணம் சொல்லுங்கப்பா." இதை அவ கேட்டிருக்க வேண்டாம்னு அப்பத் தோணுச்சு. கேட்டது நல்லதுன்னு இப்பத் தோணுது.

வாய்க்கு வந்த எண்களைச் சொன்னேன். "ஒரு வீட்டை 27 லட்சத்துக்கு வித்தாங்க. 6 லட்சம் கடன் இருக்கு. மூணு பிள்ளைங்க. கடனைக் கழிச்சிட்டுப் பங்கு போடணும். எழுது."

(27 − 6) ÷ 3 = 7. டக்குன்னு எழுதிட்டா. அப்புறம் நிமிர்ந்து பார்த்தா.

"இது நம்ம தாத்தா வீடாப்பா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கு ஏழு லட்சம் வந்துச்சா?"

"இல்லம்மா. ஒம்பது."

"ஒம்பதா? அப்ப கடன்?"

நான் பதில் சொல்லலை. அவ ரஃப் நோட்டுல வேற ஒண்ணு எழுதினா. 27 ÷ 3 − 6. பாகுஸபா படி முதல்ல வகுத்தல். 9 − 6. மூணு.

"கடன் அத்தை பேர்லயாப்பா? அத்தைக்கு மட்டும் மூணா?"

கொசுவத்தி சுத்தியே ஆகணும். எங்க அப்பா கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளையா இருந்தார். பெரிய பேரேட்டுல பத்து பக்கம் கூட்டினாலும் ஒரு பைசா பிசகாது. 2021 அக்டோபர்ல அவருக்கு முடியாமப் போய் திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில இருபத்தாறு நாள் வச்சிருந்தோம். வச்சிருந்தோம்னு நான் எழுதறேன், வச்சிருந்தது அக்காவும் அத்தானும். நான் இங்கேருந்து கிளம்பிப் போய்ச் சேர்ந்தது கடைசி நாலு நாள். தம்பி புனேல, அவனும் அப்படித்தான். அக்கா உள்ளூர்லயே வாக்கப்பட்டவ. கட்டில் பக்கத்துல தரையில துண்டை விரிச்சுப் படுத்தவ. பணம் கட்டச் சொன்னப்ப யாரையும் கேக்காம தன் நகையை பேங்க்ல வச்சு ஆறு லட்சம் வாங்கிக் கட்டினா. ரெட்டை வடம், நெக்லஸ், வளையல்னு கல்யாணத்துக்கு அப்பா பாத்துப் பாத்துச் சேர்த்த நகை. அப்பா போயிட்டார்.

2022 ஆகஸ்ட்ல வீட்டை வித்தோம். சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு நான்தான் பேசினேன், நான்தானே படிச்சவன். "முதல்ல இருபத்தேழையும் மூணா பிரிச்சு அவங்கவங்க அக்கவுண்ட்ல போடச் சொல்லிடுவோம். ஆஸ்பத்திரிக் கணக்கு, மத்ததெல்லாம் அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்." அக்கா "சரி தம்பி"ன்னா. அன்னைக்கு ராத்திரியே எனக்குச் சென்னைக்கு ரயில், மறுநாள் அங்கேருந்து நவஜீவன். லேப்டாப்ல எக்செல் ஷீட் இருந்தது. மூணு பேர், மூணு வரிசை, மூணுலயும் ஒம்பது. கீழே மொத்தம் 27. கணக்கு டேலி ஆயிடுச்சுன்னு மூடி வச்சேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஏமாத்தணும்னு நினைக்கலை. சத்தியமா மறந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, மறந்தது எனக்கு வசதியா இருந்த ஒரு மறதி. அந்த ஒம்பதை இங்க வீட்டு லோன்ல கட்டினப்ப ஞாபகம் வந்திருக்கணும். போன வருஷம் வீடியோ கால்ல சின்ன மேடம் "அத்தை, உங்க ரெட்டை வடம் எங்க?"ன்னு கேட்டப்ப, "அது பேங்க்ல பத்திரமா தூங்குதுடா"ன்னு அக்கா சிரிச்சப்பவாவது வந்திருக்கணும். லாக்கர்னு நினைச்சுக்கிட்டேன்.

கழிச்சிட்டு வகுக்க வேண்டியதை நான் வகுத்துட்டு, கழிக்கறதை அக்கா தலையில மட்டும் விட்டுட்டு வந்திருக்கேன். பாகம்னு நாம சொல்றதும் மாசி சொல்ற பாகாகாரும் ஒரே வார்த்தைதான். பாகப் பிரிவினைன்னா சொத்து மட்டும்தான் நமக்குத் தோணுது. −6 ÷ 3 = −2ன்னு ஒரு கணக்கும் அதோட சேர்ந்தது. அது பொண்ணோட நோட்டுல ரெண்டாவது கணக்கா இருந்தது, நானே டிக் போட்டிருந்தேன்.

அவளைத் தூங்க அனுப்பிட்டுத் தங்கமணிகிட்ட சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். உங்க வீட்டு விஷயம், நான் எப்படிச் சொல்றது?"ன்னாங்க. மூணு வருஷமா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் காலையில அக்காவுக்குப் போன் போட்டேன். சுத்தி வளைக்காம கேட்டேன். "அக்கா, நகையைத் திருப்பிட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இல்ல தம்பி. வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாத்தி வச்சுக்கிட்டு வாறேன். அதுக்கென்ன இப்ப? நீயும் பிள்ளையைப் படிக்க வைக்கணும்லா."

"வட்டி எவ்வளவுக்கா?"

"வருஷத்துக்கு அம்பத்து நாலாயிரம். அத்தான் பாத்துக்கிடுதாக."

"என்கிட்ட ஏன்க்கா கேக்கலை?"

"நீதான அப்புறம் பேசிக்கிடலாம்னு சொன்ன. நீ பேசுவன்னு இருந்தேன்."

கோவமா சொல்லலை. கோவமா சொல்லியிருந்தா தேவலை.

போனை வச்சிட்டு பொண்ணைக் கூப்பிட்டேன். "வா, நிஜமான கணக்கு ஒண்ணு இருக்கு." அசல் ஆறு லட்சம். நாலு வருஷ வட்டி, வருஷத்துக்கு 54,000. மூணு பேர். (6,00,000 + 4 × 54,000) ÷ 3. அவ பேப்பர்ல போட்டா. முதல்ல அடைப்புக்குறிக்குள்ள, அதுக்குள்ளயும் முதல்ல பெருக்கல். 2,16,000. கூட்டினா 8,16,000. மூணால வகுத்தா 2,72,000.

நான் சரி பார்க்கறேன்னு வீட்டுல இருந்த கடைக் கால்குலேட்டர்ல வரிசையாத் தட்டினேன். 6,00,000 கூட்டல் 4 பெருக்கல் 54,000 வகுத்தல் 3. வந்த விடை 10,80,00,72,000. ஆயிரத்து எண்பது கோடியே எழுபத்திரண்டாயிரம்! ஒரே எண்கள், வரிசை மட்டும் மாறினது. அதை அக்காகிட்ட போன்ல சொன்னப்ப, "அதையே அனுப்பிரு, கடைசி சைபர் வரைக்கும் சரியாத்தான் இருக்கு"ன்னா. அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சது அப்பத்தான்.

என் பங்கை அந்த வாரமே அனுப்பிட்டேன். வைப்பு நிதியை உடைச்சேன். பெருமைக்குச் சொல்லலை, அது என் பணமே இல்லை.

தம்பிகிட்ட பேசறது அவ்வளவு சுலபமா இல்லை. "கடன் அக்கா பேர்லதானண்ணே இருக்கு, நாம மாசா மாசம் அப்பாவுக்கு அனுப்பினதையெல்லாம் யாரு கழிக்கறது?"ன்னான். முழுக்கத் தப்பா அது? இல்லை. நானும் அனுப்பியிருக்கேன். ஆனா அந்தக் கணக்கைத் திறந்தா, அக்கா ராத்திரி முழிச்சதுக்கு, பெட்பேன் எடுத்ததுக்கு, எங்களுக்குப் பதிலா நின்னதுக்கு என்ன எண் போடறது? எண் போட முடிஞ்சதை மட்டுமாவது சரியா போடுவோம்டான்னேன். நாலு நாள் பேசலை. அஞ்சாம் நாள் அவனே கூப்பிட்டான். "மொத்தமா முடியாதுண்ணே, வீட்டு வேலை நடக்குது. மாசம் பதினேழாயிரம் அனுப்பறேன். மீதிக்கு ஓடற வட்டியும் என்னோடது."

அதையும் சின்ன மேடம்தான் போட்டா. கடன் −2,72,000. மாசா மாசம் −17,000. −2,72,000 ÷ −17,000 = 16. "பாருங்கப்பா, மைனஸும் மைனஸும் பிளஸ். பதினாறு மாசம்." மைனஸ் பதினாறு மாசம் இல்லைங்கறது எங்க எல்லாருக்குமே ஆறுதல்தான்.

இந்த 2026 பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். இங்க உத்தராயணுக்குப் பட்டம் விட முடியலையேன்னு அவளுக்கு வழியெல்லாம் முனகல். அக்கா வீட்டு வாசல்ல கோலம் போட்டு பானை வச்சிருந்தாங்க. அக்கா கழுத்துல ரெட்டை வடம் இருந்தது. நெக்லஸும் வளையலும் இன்னும் பேங்க்லதான். பால் பொங்கினதும் குலவை போட்டுட்டு, என் பக்கம் திரும்பி அக்கா கேட்டா: "கரும்பு அஞ்சு கட்டு வாங்கியிருக்கு. கோயிலுக்கு ஒண்ணு எடுத்து வச்சிட்டு மூணு வீட்டுக்கும் பிரிக்கணும். எப்படிப் பிரிக்கட்டும் தம்பி?"

நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சின்ன மேடம் சொன்னா: "முதல்ல கழிச்சிடுங்க அத்தை. அப்பா வகுத்துட்டுக் கழிப்பார்."

டிஸ்கி 1: டெஸ்ட்ல 20க்கு 19. போன ஒரு மார்க் எதுலன்னு கேக்காதீங்க. நான் சொல்லிக் குடுத்ததுல.

டிஸ்கி 2: ஊர்ல அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சியை விட்டுட்டு வெளியூர்ல இருக்கறவங்க, 'அப்புறம் பேசிக்கலாம்'னு ஏதாவது சொல்லிட்டு வந்திருக்கீங்களான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எதிர்ப்பக்கம் யாராவது நீங்க பேசுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கலாம்.